இரட்டைப் பாறை வளைவில் தழை

அத்தியாயம் 17

வெள்ளிக்கிழமை ராகுகாலம் பத்தரை மணிக்கு. அன்றைக்கு அழகையா வீட்டில் அடுப்பங்கரைப் பாத்திரங்கள்கூட அதை மனப்பாடம் செய்து வைத்திருந்தன.

“பத்தரைக்குள்ள பொண்ணப் பாத்துரணுமாம். மாப்பிள்ளையோட அம்மா நேத்து மட்டும் நாலு தரம் போன் போட்டுச் சொல்லிட்டாங்க” என்றாள் அவர் மனைவி மூக்கம்மா, கேசரியைக் கிளறிக்கொண்டே. “பொண்ணு எங்கன்னு கேட்டா நான் என்னத்தச் சொல்ல? ரோட்டுல நிக்கிறான்னா?”

பெண் ரோட்டில்தான் நின்றுகொண்டிருந்தாள். விஜயராணி போக்குவரத்துப் பிரிவில் எஸ்.ஐ. பெருமாள்மலையில் இருக்கும் அவர்கள் வீட்டிலிருந்து ஜீப்பில் பத்து நிமிடம் இறங்கினால் பழனி ரோட்டில் இரட்டைப் பாறை வளைவு. அங்கே ஸ்பீடு கன்னும் கையுமாக நின்று, ‘முப்பதுக்கு மேல் போகாதே’ என்ற போர்டை மதிக்காமல் ஏறி வருகிறவர்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஒன்பது மணிக்கே வந்து அவளை அனுப்பியிருக்க வேண்டிய முருகானந்தம் இன்னும் வந்து சேரவில்லை. மாற்று ஆள் வராமல் அவள் இடத்தை விட்டு நகரமாட்டாள். அதுதான் விஜயராணி.

வாடகை ஜீப்பில் ஆள் அதிகமாக ஏற்றினார் என்று பெற்ற தகப்பனையே நடு ஸ்டாண்டில் நிறுத்தி அவள் அபராதம் எழுதியதைப் போன வாரம் பார்த்தோம். அன்றிலிருந்து அழகையா ஸ்டாண்டில் டீ குடிக்கப் போனால், “ஏலே, எஸ்.ஐ. அப்பா வர்றாரு, லைசென்ஸெல்லாம் எடுத்து வைங்கடா” என்று மற்ற ஜீப்காரர்கள் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறார்கள். அதையாவது சிரித்துத் தள்ளிவிடலாம். கல்யாணப் பேச்சைத்தான் சிரித்துத் தள்ள முடியவில்லை.

முதல் வரன், மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒரே பைக்கில் மூன்று பேராக வந்து அவளிடம் மாட்டியதோடு போயிற்று. இரண்டாவது வரனில் மாப்பிள்ளையே போன் பேசிக்கொண்டு கார் ஓட்டிவந்து மாட்டினான். “நாளைக்குக் கட்டிக்கப் போறவன்னு ஒரு பார்வை பாக்கக் கூடாதா?” என்று அவன் கேட்டானாம். “கட்டிக்கப் போறவர்னுதான் பாத்தேன். அதனாலதான் ரெண்டு நிமிஷம் கூடுதலா புத்தி சொன்னேன்” என்றாளாம் இவள். அத்தோடு அந்தக் கதையும் முடிந்தது.

இது மூன்றாவது. ஆயக்குடியில் கொய்யாத் தோப்பும் நாற்றுப் பண்ணையும் வைத்திருக்கும் ஞானவேல் வீடு. மாப்பிள்ளை பழனிக்குமார். அவர்களாகவே தேடிவந்து கேட்ட சம்பந்தம். இதுவும் கைவிட்டுப் போனால் மகளுக்குக் கல்யாணமே நடக்காது என்று அழகையா உள்ளுக்குள் முடிவு கட்டிவிட்டார். இருபத்தொன்பது வயது முடியப்போகிறது.

ஒன்பதே முக்காலுக்குப் போன் அடித்தது. மாப்பிள்ளையின் தங்கை சௌம்யா, ஓடும் வேனிலிருந்து பேசினாள்.

“மாமா, கோயில்ல கூட்டம், கெளம்ப லேட்டாயிருச்சு. ஆனா கவலப்படாதீங்க. எங்கப்பா வேன வெரட்டிக்கிட்டு வர்றாரு. பஸ்ஸெல்லாம் ஓவர்டேக் பண்ணியாச்சு. பத்தரைக்குள்ள வந்து நிப்போம்!”

பின்னாலிருந்து ஞானவேலின் குரல் கேட்டது. “அறுபதுல வர்றேன்னு சொல்லு தாயி!”

அறுபது! மலை ரோட்டில் அறுபதில் ஏறிவரும் வேன் முதலில் போய் நிற்கப்போகும் இடம் இரட்டைப் பாறை வளைவு. அங்கே நிற்பது யார்?

“மெதுவா வரச் சொல்லு தாயி” என்று அவர் கத்துவதற்குள் லைன் போய்விட்டது. மறுபடி அடித்தார். மலை மடிப்புக்குள் நுழைந்த வண்டிக்குப் போன் எங்கே போகும்?

“நான் எதிர்க்கப் போயிக் கூட்டிட்டு வாரேன்” என்று சட்டையைப் போட்டுக்கொண்டு ஜீப்பை எடுத்தார்.

வளைவில் மகள் கையைக் காட்டி நிறுத்தினாள். “எங்கப்பா?”

“மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வழி காட்டத் தாயி.”

“ஒரே ரோடுதானப்பா, இதுல என்ன வழி?”

“அது ஒரு மரியாதை” என்று சொல்லிவிட்டு நழுவினார். மகளிடம் நின்று பொய் சொல்வது அவருக்கு எந்தக் காலத்திலும் கைவராத வேலை.

ஒரு வளைவு கீழே இறங்கியதும் யோசனை வந்தது. கை காட்டி வேனை நிறுத்தி என்ன சொல்வது? ‘என் மக மேல நிக்கிறா, மெதுவா போங்க, புடிச்சிருவா’ என்றா? இரண்டு சம்பந்தம் எதனால் கெட்டதோ அதைத் தன் வாயாலேயே மூன்றாவது வீட்டுக்கும் சொல்வதா? வேன் மெதுவாகவும் வர வேண்டும், காரணமும் தெரியக் கூடாது.

மலை ரோட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டி பழுதாகி நின்றால் பின்னால் சற்றுத் தள்ளி ரோட்டில் தழையை ஒடித்துப் போட்டு, நாலு கல்லை வைப்பார்கள். தழையைப் பார்த்தால் எவ்வளவு முரட்டு டிரைவரும் காலைப் பிரேக்குக்கு மாற்றிவிடுவான். தழைக்கு வாய் கிடையாது. யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று அது சொல்லாது.

ஜீப்பைக் காப்பித் தோட்டத்து மண் பாதையில் ஒதுக்கினார். விழுந்த மரம் வெட்ட வண்டியிலேயே கிடக்கும் அரிவாளை எடுத்து நாலு கொம்பை வெட்டினார். ரோட்டில் தழையைப் பரப்பி, மூன்று கல்லையும் உருட்டி வைத்துவிட்டுக் காப்பிச் செடிகளுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். முப்பது வருஷ அனுபவத்தில் இவ்வளவு நேர்த்தியாக ஒரு தழை வைத்ததில்லை என்று அவருக்கே ஒரு திருப்தி.

வேன் வந்தது. வந்த வேகத்தில் காப்பிச் செடியே ஆடியது. தழையைக் கண்டதும் டயர் கிறீச்சிட்டது. வேகம் குறைந்தது, இன்னும் குறைந்தது, சுத்தமாக நின்றும் போனது.

‘போங்கய்யா, மெதுவாப் போங்க, நிக்காதீங்க’ என்று அழகையா மனசுக்குள் கும்பிட்டார்.

ஞானவேல் தலையை வெளியே நீட்டினார். வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி. “ஏதோ வண்டி ரிப்பேராகிக் கெடக்கு போல. பொம்பளப் புள்ளைக இருந்தா என்ன பண்ணும்? ஏலே குமாரு, எறங்கிப் போயி என்னன்னு பாரு.”

“நேரம் ஆவுதுங்க” என்றாள் அவர் மனைவி கந்தம்மாள், மடியில் பூக்கூடையும் கையில் கடிகாரமுமாக.

“நல்ல காரியத்துக்குப் போறப்ப கண்டும் காணாமப் போனா நல்லாருக்குமா?”

அழகையா நெற்றியில் அடித்துக்கொண்டார். அவசரக்காரர் என்று கணக்குப் போட்டாரே தவிர, நல்லவராகவும் இருப்பார் என்று நினைக்கவில்லை. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஜாக்கி லிவரும் கையுமாக மாப்பிள்ளை பழனிக்குமார் வளைவைச் சுற்றி நடந்து போனான். எங்கே போகக் கூடாது என்று இவ்வளவு பாடுபட்டாரோ அங்கேயே போனான்.

அதற்குள் ஒரு பஸ் வந்து வேனுக்குப் பின்னால் ஒரு முழம் விட்டு நின்றது. அதன் பின்னால் ஒரு பால் வண்டி. ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அழகையாவின் கெண்டைக்காலில் அட்டை ஒன்று ஏறி நிம்மதியாகச் சாப்பிடத் தொடங்கியது. அதைத் தட்டிவிடக்கூட அசைய முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

மாப்பிள்ளை திரும்பி வந்தான். பக்கத்தில் காக்கி உடையில் விஜயராணி.

“மேல எந்த வண்டியும் நிக்கலப்பா. இவங்கதான் நின்னாங்க” என்றான் பழனிக்குமார். அவன் முகத்தில் ஏனோ சிரிப்பு தாங்கவில்லை.

சௌம்யா அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “அம்மா, போட்டோவுல பாத்தமே, அவங்கதான்!”

விஜயராணிக்கும் அவர்கள் யார் என்று புரிந்துவிட்டது. கன்னத்தில் ஒரு சிவப்பு வந்து போனதைக் காப்பிச் செடிக்குள்ளிருந்தே அழகையா பார்த்தார். ஆனால் அவள் முதலில் கும்பிட்டது அவர்களை அல்ல. முதலில் குனிந்து கல்லை ஓரமாக உருட்டினாள். பிறகு ஒரு கொம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான், “வாங்க, வணக்கம்” என்றாள்.

“வணக்கம்மா. யாரு வெச்ச தழை இது?” என்றார் ஞானவேல்.

“ரிப்பேரான டிரைவர் அவசரத்துல கையால ஒடிப்பாங்க. இது அரிவாள்ல சீவுன வெட்டு.” அவள் கண் மண் பாதைப் பக்கம் போனது. ஜீப்பின் பின்பக்கம், நம்பர் பிளேட் முழுசாக, வெளியே தெரிந்துகொண்டிருந்தது.

அவள் பெருமூச்சு விட்டாள். “அப்பா. வெளிய வாங்க.”

அழகையா வந்தார். தலையில் காப்பி இலை, காலில் அட்டை, கையில் அரிவாள். சிலோன் எஸ்டேட்டில் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி முன்னால் ஆட்கள் வரிசையாக நிற்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறார். இன்றைக்கு அப்படித் தனியாக நின்றார். பஸ் ஜன்னல்களிலிருந்து நாற்பது தலை எட்டிப் பார்த்தது.

“நான்தான் வெச்சேன்” என்றார்.

“எதுக்குப்பா?”

பொய் ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டது.

“இவங்க வெரசா வர்றாங்கன்னு போன் வந்துச்சு. நீ மேல நிக்கிற. யாருன்னு பாக்கமாட்ட, புடிச்சுருவ. ரெண்டு எடம் அப்படித்தான போச்சு? இந்த எடமும் போயிரக் கூடாதுன்னு... பயந்துட்டேன் தாயி.”

பஸ் டிரைவர்கூட ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

“நான் சோலி பாக்குறது உங்களுக்கு அவ்வளவு பயமாப்பா?” என்றாள் விஜயராணி. குரல் சின்னதாகிவிட்டது. “நம்ம பொண்ணு ஒழுங்கா வேலை பாக்குறான்னு நீங்க சந்தோஷப்படுறீங்கன்னு நெனச்சேன். இத்தன நாளா ஒளிச்சு வெக்கிற மாதிரி ஆயிட்டனா?”

அழகையாவுக்கு அட்டை கடித்தது மறந்துபோனது. மகளை இப்படி ஒரு கேள்வி கேட்க வைத்துவிட்டோமே என்றிருந்தது.

“அட, அவர ஏம்மா கேக்குற?” ஞானவேல் வேனிலிருந்து இறங்கி நடுவில் வந்தார். “குத்தம் என்னோடது. அறுபதுல வந்தேன். ஒளிக்கிறதுக்கு என்ன கெடக்கு? எழுதும்மா கேஸ.”

“எழுத முடியாதுங்க.”

“ஏன், வேண்டப்பட்டவங்கன்னா?”

“இல்லைங்க. நீங்க மெஷின்ல விழல. நான் கண்ணால பாக்காத வேகத்த எழுத எனக்கு அதிகாரம் இல்ல. ஆனா இப்ப நீங்க சொன்னத மறக்கவும் மாட்டேன். எறங்குறப்ப பாத்து எறங்குங்க.” பிறகு தகப்பனிடம் திரும்பினாள். “உங்கள விட முடியாதுப்பா. வளைவுல கல்லு வெச்சிருக்கீங்க. அந்த பஸ்ஸு பிரேக் பிடிக்காம வேன்ல மோதியிருந்தா?”

அழகையா திரும்பிப் பார்த்தார். வேனுக்கும் பஸ்ஸுக்கும் இடையே ஒரு முழம்தான் இருந்தது. வேனின் பின்சீட்டில் சௌம்யா. அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

“தப்புதான். என்ன செய்யணுமோ செய் தாயி.”

“எழுதிக் குடுத்துட்டுத் தழைய எடுத்துப் போடுங்க. இனிமே ரோட்ட மறிச்சு எதுவும் வெக்க மாட்டேன்னு.” நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

வேனின் பானட்டில் தாளை வைத்து அழகையா எழுதினார். ஐந்தாம் வகுப்பு எழுத்து, மெதுவாகத்தான் ஓடும். எழுதி முடித்த பிறகும் பேனாவை எடுக்காமல் கொஞ்சம் நின்றார். பிறகு இன்னொரு வரியும் எழுதிக் கொடுத்தார். விஜயராணி வாங்கி, ஸ்டேஷன் வழக்கப்படி எல்லோருக்கும் கேட்க வாசித்தாள்.

“பெருமாள்மலை அழகையா ஆகிய நான், இனிமேல் பாதையில் தழையோ கல்லோ வைத்து மறிக்க மாட்டேன் என்று உறுதி கூறுகிறேன். என் மகள் நேர்மையாக இருப்பதற்காக இனிமேல் எவருக்கும்...”

அங்கே அவளுக்குக் குரல் நின்றுபோனது. மிச்சத்தைப் பக்கத்தில் நின்ற பழனிக்குமார்தான் எட்டிப் பார்த்து வாசித்தான். “...எவருக்கும் பயப்பட மாட்டேன் என்றும் உறுதி கூறுகிறேன்.”

விஜயராணி தொப்பியைச் சரிசெய்வதுபோலக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பஸ்ஸிலிருந்து ஒரு அம்மாள், “அப்பன மன்னிச்சு விடும்மா, பாவம், காலுல ரத்தம் ஓடுது!” என்று குரல் கொடுத்தாள். இன்னொருத்தர், “மன்னிப்பெல்லாம் அப்புறம். பொண்ணப் புடிச்சிருக்கா இல்லையா, அதச் சொல்லுங்க. நாங்க கொடைக்கானல் போகணும்ல!” என்றார். பஸ் முழுக்கச் சிரித்தது.

“சாட்சிக் கையெழுத்து ஒண்ணு வேணும்” என்றாள் விஜயராணி, யாரையும் பார்க்காமல்.

“நான் போடறேன்” என்று பழனிக்குமார் பேனாவுக்காகச் சட்டைப் பைக்குள் கையை விட்டான். பேனாவோடு சேர்ந்து ஒரு மடித்த சீட்டும் வந்து கீழே விழுந்தது. மடிப்பெல்லாம் நைந்து, ஓரத்தில் பிளாஸ்டிக் ஒட்டிப் பாதுகாத்திருந்த சீட்டு. விஜயராணி எடுத்தாள். அபராத ரசீது. அடியில் இருந்தது அவளுடைய கையெழுத்து.

“இது... நான் எழுதுனது.”

“ஆமாங்க. முந்தின வருஷம் தைப்பூசத்துக்கு நீங்க பழனியில டூட்டிக்கு வந்திருந்தப்ப” என்றான் அவன். “பாதயாத்திரைக்காரங்க நடந்து போற பாதையில பைக்க வெரட்டிக்கிட்டு வந்தேன். அப்ப மூஞ்சி முழுக்க விரதத் தாடி, உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சிருக்காது. அபராதம் எழுதினதோட விடாம, சாவியப் புடுங்கிக்கிட்டு, அடிவாரம் வரைக்கும் வண்டியத் தள்ளிக்கிட்டே நடன்னு சொன்னீங்க. அஞ்சு கிலோமீட்டர். நீங்களும் பின்னாலயே வந்து, அடிவாரத்துல சாவியக் குடுத்தீங்க.”

கந்தம்மாள் பூக்கூடையோடு வேனிலிருந்து இறங்கியே விட்டாள். “ஏன்டா, நாலு பொண்ணு பாத்து நாலையும் வேண்டாம்னியே, அதுக்கு இதுதான் காரணமா?”

மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டான்.

அழகையாவுக்குத் தலை சுற்றியது. எந்த அபராதத்துக்குப் பயந்து அவர் கொம்பு வெட்டினாரோ, அந்த அபராதம்தான் இந்த சம்பந்தத்தை மலை ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் சேர்த்துச் செய்தார்.

“சாவியக் குடுக்கறப்ப ஒரு கேள்வி கேட்டீங்க” என்றான் பழனிக்குமார் விஜயராணியிடம். “‘இவ்வளவு அவசரமா யாரப் பாக்கப் போறீங்க?’ன்னு. அன்னைக்கு எங்கிட்டப் பதில் இல்ல. அதச் சொல்லத்தான் இன்னைக்கு...”

“நிறுத்துடா!”

கந்தம்மாள் கடிகாரத்தை உயர்த்திப் பிடித்தாள். “பத்தரை. ராகுகாலம் பொறந்துருச்சு. பன்னெண்டு வரைக்கும் ஒருத்தரும் இதப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. பத்து பதினாறுக்குப் பொண்ணப் பாத்தாச்சு, அது நல்ல நேரம், எனக்குப் பரம திருப்தி. மிச்சம் பன்னெண்டுக்கு மேல.” விஜயராணியின் கன்னத்தைத் தொட்டு வழித்துக்கொண்டாள். “நீயும் அதுக்கப்புறம் பதில் சொன்னாப் போதும் தாயி. நல்லா யோசிச்சே சொல்லு.”

அந்த நேரம் பார்த்து முருகானந்தம் பைக்கில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். தழை, கூட்டம், அரிவாளோடு எஸ்.ஐ.யின் அப்பா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, “என்னங்க மேடம், பெரிய கேஸா?” என்றார்.

“முடிஞ்சிருச்சுங்க” என்று ஸ்பீடு கன்னை அவர் கையில் கொடுத்தாள் விஜயராணி.

அழகையா தழையை ஒன்று விடாமல் பொறுக்கி ஓரத்தில் போட்டார். பஸ் கிளம்பியபோது நாற்பது கைகளும் டாட்டா காட்டின. வேன் ஒழுங்காக முப்பதில் முன்னால் போக, ஜீப் பின்னால் ஏறியது. பக்கத்து சீட்டில் மகள், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். என்ன பதில் சொல்லப்போகிறாள் என்று கேட்க அழகையாவுக்கு வாய் துடித்தது. ராகுகாலம் நினைவுக்கு வந்து பல்லைக் கடித்துக்கொண்டார்.

இன்று இனி ஒரு தப்பும் செய்துவிடக் கூடாது என்ற கவனத்தில் வண்டியை இருபதிலேயே உருட்டினார். முன்னால் போன வேன் அடுத்த வளைவில் திரும்பிக் கண்ணில் இருந்து மறைந்தது.

விஜயராணி ரோட்டைப் பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கடைசியாக அப்பாவைப் பார்த்தாள்.

“முப்பது வரைக்கும் போகலாம்ப்பா” என்றாள் மெல்ல. “சட்டத்துல எடம் இருக்கு.”